கோல்டு ஃபிஷ்ஷுக்கு உடம்பு சரியில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வில்லிவாக்கத்தில் குடியிருக்கிறேன். ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் கொளத்தூர், வண்ண மீன் கடைகள் வரிசைகட்டி நிற்கும் இடம். எங்கள் குடியிருப்பில் யார் வீட்டுப் பிள்ளையாவது ஞாயிற்றுக்கிழமை பாலித்தீன் பையில் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷோடு வரும். புதன்கிழமை அந்தப் பிள்ளையோ அதன் அம்மாவோ என் வீட்டு மணியை அடிப்பார்கள். பன்னிரண்டு வருடமாகத் தங்கமீன் வளர்க்கிறேன், அவ்வளவுதான் என் தகுதி. மருத்துவர் இல்லை. ஒரே பதிலை வாசலில் நின்றபடி நாற்பது தடவை சொன்ன பிறகு, எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

ஆன்ட்டி, மீன் அடியிலயே படுத்துக்கிடக்கு. சாப்பாடு போட்டாலும் வர மாட்டேங்குது. என்ன மருந்து போடணும்?

இப்போதைக்கு ஒரு மருந்தும் வேண்டாம். தொட்டித் தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இன்றைக்குச் சாப்பாடு போடாதீர்கள். ஏர் பம்பு இருந்தால் ஓடட்டும். நாளைக் காலை வரை பாருங்கள். என் வாசலுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே சரியாகிவிட்டன.

அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். டார்ச் அடித்து மீனை ஐந்து நிமிடம் கிட்டத்தில் பாருங்கள். துடுப்புகளை உடம்போடு ஒட்ட வைத்திருக்கிறதா, செவுள் வேகமாக அடிக்கிறதா, புள்ளி, பஞ்சு, நூல், சிவப்புக் கீறல் ஏதாவது உண்டா என்று கவனியுங்கள். மேலேயிருந்தும் ஒரு தடவை பாருங்கள். வயிறு வீங்கியிருந்தால் பக்கவாட்டில் தெரிவதைவிட மேலிருந்து நன்றாகத் தெரியும். விளக்கணைத்த பிறகு அடியில் அசையாமல் நிற்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் விட்டுவிடுங்கள், அது தூங்குகிறது. மீனுக்கு இமை கிடையாது, கண்ணைத் திறந்துகொண்டேதான் தூங்கும்.

எந்தத் தண்ணி ஊத்தறது? மெட்ரோ தண்ணியா, போர் தண்ணியா, கேன் தண்ணியா?

மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரினை எடுக்க வேண்டும். ஒரு பக்கெட்டில் பிடித்து ஏர் ஸ்டோன் (ஏர் பம்புக் குழாயின் நுனியில் மாட்டும் குமிழிக் கல்) போட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். அவசரத்துக்கு மீன் கடையில் ‘ஆன்டி குளோரின்’ என்று விற்கும் கண்ணாடி போன்ற கட்டி போதும். அது சோடியம் தயோசல்பேட். பாக்கெட்டில் சொன்ன அளவைப் பக்கெட்டில் கரைத்துவிட்டு ஊற்றுங்கள். லாரித் தண்ணீரையும் மெட்ரோ தண்ணீர் மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள், எங்கே என்ன கலந்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் நிலத்தடியிலிருந்து வருவதால் ஆக்சிஜன் குறைவு. அதையும் சில மணி நேரம் காற்று கொடுத்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். கொஞ்சம் உப்புக்கரித்தால் கோல்டு ஃபிஷ் கவலைப்படாது, அதற்குக் கடினமான தண்ணீர்தான் பிடிக்கும். அதனால்தான் கேன் தண்ணீர் வேண்டாம் என்கிறேன். அதில் தாதுக்களை எடுத்துவிடுகிறார்கள், பிஎச், அதாவது தண்ணீரின் அமில, கார அளவு, நிலையாக நிற்காது.

இன்னொன்று, மே மாதத்தில் மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீரை நேராகத் திருப்பிவிடாதீர்கள். நம் கையே சுடும் தண்ணீர் அது. தொட்டியில் ஒரு கை, பக்கெட்டில் ஒரு கை வைத்துப் பார்த்து, இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஊற்றலாம்.

தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கே, அதுல என்ன கெட்டுப்போச்சு?

கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாது. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். கழிவும் மிச்சச் சாப்பாடும் அழுகி அதுவும் அம்மோனியா ஆகும். பழகிய தொட்டியில் ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது அவ்வளவு மோசமில்லை, வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா சேர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை தொட்டி, ஞாயிற்றுக்கிழமையே மீன் என்றால் புதன்கிழமை மணி அடிக்காமல் என்ன செய்யும்?

முடிந்தால் சொட்டு மருந்து வகை அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். பெரும்பாலானவற்றில் தண்ணீர் மஞ்சளாகவே நின்றால் நல்லது, பச்சை ஏற ஏற ஆபத்து. நான்கு மருந்துப் புட்டிகளைவிட அந்த ஒரு கிட் பயன்படும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பிஎச் ஏறினால் அம்மோனியாவின் குணமும் மாறும். 7-லிருந்து 8 ஆனால் அதில் விஷமாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். நம் ஊர் வெயில் அதை இன்னும் கூட்டும்.

கடைக்காரர் சின்ன பவுல் போதும்னாரே?

அவருக்கு விற்க வேண்டும். இரண்டு லிட்டர் குடுவையில் மேலே சொன்ன அம்மோனியா ஒரே நாளில் ஏறிவிடும். ஒரு மீனுக்கு நாற்பது லிட்டராவது கொடுங்கள், அடுத்ததற்கு இன்னும் கொஞ்சம். கோல்டு ஃபிஷ் இரண்டு மாதத்து உயிர் இல்லை, ஒழுங்காகப் பார்த்தால் பத்து இருபது வருடம் இருக்கும். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு திருவிழாச் சந்தையில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 1999 வரை, 43 வருடம் வாழ்ந்தது.

நான் வாரா வாரம் மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டு, ஃபில்டர், கல்லு எல்லாத்தையும் தேய்ச்சுக் கழுவித்தான் வெக்கிறேன். அப்பவும் சாகுதே?

அதனால்தான் சாகிறது. நானும் இதே தவறைச் செய்தவள். முதல் வருடம் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்த கையோடு ஃபில்டர் பஞ்சையும் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று அலசி வைத்தேன். காணும் பொங்கலன்று காலையில் நான்கு மீனும் மேலே மிதந்தன. பஞ்சிலிருந்த பழுப்பு வழுவழுப்பை நான் அழுக்கு என்று நினைத்திருந்தேன். அதுதான் மேலே சொன்ன பாக்டீரியா.

வாரம் ஒருமுறை கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீரை மாற்றினால் போதும். அப்படி எடுத்த பழைய தண்ணீரிலேயே பஞ்சை இரண்டு முறை பிழிந்துவிட்டுத் திருப்பி வையுங்கள். அது பளிச்சென்று ஆகக்கூடாது. சோப்பு, டெட்டால், பிளீச்சிங் பவுடர் எதுவும் அந்தப் பக்கமே போகக்கூடாது.

மேல வந்து வாயை வாயைத் திறக்குதுக்கா. பசிக்குதோ?

சாப்பாட்டு நேரத்தில் உங்களைப் பார்த்ததும் வந்து வாயைத் திறந்தால் பசி, இல்லையென்றால் பழக்கதோஷம். நாள் முழுக்க அங்கேயே நின்று காற்றை விழுங்கினால் மூச்சுத் திணறுகிறது. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், சென்னையில் நம்மோடு சேர்ந்து அதுவும் அவதிப்படுகிறது. உடனே பாதித் தண்ணீர் மாற்றுங்கள், ஏர் பம்பைப் போடுங்கள்.

கரண்ட் இல்லையா? ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது சொம்பு. கை வலிக்கும், ஆனால் வேலை செய்யும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்பு ஒன்று வீட்டில் இருந்தால் இந்தக் கூத்து தேவைப்படாது.

காற்று நன்றாக ஓடியும் திணறினால் நைட்ரைட்டைச் சந்தேகப்படுங்கள். அது இரத்தத்தை ஆக்சிஜன் சுமக்கவிடாமல் செய்துவிடும், செவுள் சிவப்பு மாறி பழுப்பேறும். அதற்கு அடுத்த பதிலில் வரும் உப்பு நல்ல முதலுதவி. லிட்டருக்கு ஒரு கிராம் போட்டாலே நைட்ரைட் செவுளுக்குள் நுழைவது பெருமளவு தடைபடும்.

எல்லாரும் உப்பு போடு உப்பு போடுன்னு சொல்றாங்க. எந்த உப்பு, எவ்வளவு?

சமையலறைக் கல் உப்பே போதும். ‘மீன் உப்பு’ என்று பெட்டி போட்டு விற்பதும் அதுதான், விலைதான் வேறு. அயோடின் சேர்த்திருக்கிறதே என்று பலர் பயப்படுகிறார்கள், அதில் இருக்கும் அயோடின் அளவு மீனை ஒன்றும் செய்யாது. மசாலா, மணம் சேர்த்த உப்பு மட்டும் வேண்டாம்.

அளவு தொட்டியின் உண்மையான தண்ணீரைப் பொறுத்தது. நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். முதல் நாள் லிட்டருக்கு ஒரு கிராம். மீன் தாங்கினால் அடுத்த நாள் இன்னொரு கிராம், மூன்றாம் நாள் இன்னொன்று. அதற்கு மேல் வேண்டாம். 40 லிட்டர் தொட்டி என்றால் ஒரு தடவைக்கு 40 கிராம். ஸ்பூன் கணக்கு வேண்டாம், கல் உப்பு ஸ்பூனில் ஒரு நேரம் போல ஒரு நேரம் நிற்காது. சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரு சொம்புத் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கரையாத கல் மீன் மேல் விழுந்தால் தோல் வெந்துவிடும்.

உப்பு ஏன் உதவுகிறது என்றால், மீனின் உடம்பு வெளித் தண்ணீரைவிட உப்பானது. அதனால் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், சிறுநீரகம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே கொஞ்சம் உப்பு சேர்ந்தால் அந்தப் பாடு குறைகிறது. சில ஒட்டுண்ணிகளுக்கு உப்பு ஆகாது. ஒன்று ஞாபகம் வையுங்கள், தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. வற்றிய இடத்துக்கு வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். மாற்றி ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் உப்புச் சேருங்கள். ஒரு வாரம் பத்து நாளில் குணம் தெரிந்ததும் தண்ணீர் மாற்றியே உப்பை வெளியேற்ற வேண்டும். வருடம் முழுக்க உப்புத் தண்ணீரில் வைப்பது வைத்தியம் இல்லை. செடி வைத்திருந்தால் அது போய்விடும், முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

உடம்பெல்லாம் ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. மருந்து போட்டு ரெண்டு நாள் ஆச்சு, ஜாஸ்திதான் ஆகுது.

வெள்ளைப்புள்ளி நோய், கடைக்காரர்கள் ‘இக்’ என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்ததும் தோலைவிட்டு அடியில் விழும், கூடு கட்டும், உள்ளே நூற்றுக்கணக்கில் பெருகி நீந்தி வெளியே வரும். அப்படி மீனைத் தேடி நீந்தும் நேரத்தில்தான் மருந்துக்கும் உப்புக்கும் மாட்டும். ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் புள்ளி கூடுவது சகஜம், மருந்து தோற்றதாக அர்த்தமில்லை.

நான் செய்வது இது: மேலே சொன்ன முறையில் லிட்டருக்கு மூன்று கிராம் வரை உப்பு, ஒரு ஏர் பம்பு கூடுதலாக, இரண்டு நாளுக்கு ஒருமுறை அடித்தரையை ஒட்டி டியூப்பால் உறிஞ்சி எடுத்துத் தண்ணீர் மாற்றுவது. தண்ணீர் 28, 30 டிகிரியில் இருந்தால் அந்தச் சுற்று சில நாளிலேயே முடிந்து ஒட்டுண்ணி சீக்கிரம் வெளியே வரும். சென்னையில் ஹீட்டர் வாங்க வேண்டியதில்லை, அது இலவசமாகவே கிடைக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் நாள் கூடும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் உப்பை எடுக்காதீர்கள். மறைந்த அன்றே நிறுத்துபவர்கள்தான் ஒரு வாரத்தில் திரும்ப வருகிறார்கள்.

மாலகைட் கிரீன் கலந்த மருந்து வாங்கியிருந்தால் புட்டியில் போட்ட அளவைத் தாண்டாதீர்கள், கையில் படாமல் பாருங்கள். ஒரு மருந்து முடியாமல் இன்னொன்றைச் சேர்க்காதீர்கள்.

ஆன்ட்டி, எங்க மீனுக்கு செவுள் மூடி மேல மட்டும் வெள்ளைப் புள்ளி. வால்ல ஒண்ணும் இல்ல. இக்தானே?

இல்லை கண்ணா. செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும் வரிசையாக, சொரசொரவென்று இருந்தால் அது ஆண் மீன், இனப்பெருக்கப் பருவத்துக்கு வந்திருக்கிறது. மருந்து வேண்டாம். அதேபோல் கறுப்பு மூர் வகைத் தங்கமீன் கொஞ்சம் கொஞ்சமாக ஆரஞ்சாக மாறுவதும் நோயில்லை.

ஒரு பக்கமா சாய்ஞ்சு, சில நேரம் தலைகீழா மிதக்குது. செத்துருச்சுன்னு நினைச்சு எடுக்கப் போனா நீந்துது!

உருண்டை உடம்பு ஒராண்டா, ரியூகின், ரான்ச்சு வகைகளுக்கு இது அடிக்கடி வரும். உடம்பைக் குறுக்கிக் குறுக்கி அழகுக்காக வளர்த்ததில் உள்ளே இருக்கும் குடலும் காற்றுப்பையும் இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. கோல்டு ஃபிஷ்ஷுக்கு இரைப்பை என்று தனி உறுப்பு கிடையாது, நீளமான குடல்தான். மிதக்கும் தீனியைக் கபக் கபக்கென்று விழுங்கும்போது காற்றும் உள்ளே போகிறது, உலர்ந்த தீனி உள்ளே ஊறி வீங்குகிறது.

இரண்டு மூன்று நாள் பட்டினி போடுங்கள். பெரிய மீனுக்கு அது ஒன்றுமே இல்லை. அப்புறம் பச்சைப் பட்டாணியை உப்பில்லாமல் வேகவைத்து, தோலை உரித்து, உள்ளே இருப்பதை விரலால் நசுக்கிச் சிறு துணுக்காகப் போடுங்கள். பட்டாணியில் மந்திரம் ஒன்றும் இல்லை, நார்ச்சத்து இருக்கிறது, அமிழ்ந்து போகிறது, அவ்வளவுதான். பிறகு பழைய தீனிக்குத் திரும்பும்போது அமிழும் வகையாக வாங்கி, ஒரு நிமிடம் தண்ணீரில் ஊறவைத்துப் போடுங்கள். ஒரு வேளைக்கு அதன் கண் அளவு போதும், பிள்ளைகள் கை அளவு போடுகிறார்கள்.

சாப்பிட்ட பிறகு மட்டும் மிதந்தால் இதில் சரியாகும். மாதக்கணக்கில் தலைகீழாகவே இருந்தால் காற்றுப்பையே கெட்டிருக்கலாம். அது முழுக்கக் குணமாகாமல் போனாலும், தண்ணீர் மட்டத்தைக் குறைத்து, தீனியைக் கிட்டத்தில் கொடுத்தால் சில மீன்கள் அப்படியே வாழ்ந்துவிடும். எங்கள் வீட்டு வெள்ளை ரான்ச்சு ஒன்று சாய்ந்தபடியே இரண்டு வருடம் இருந்தது. விருந்தினர் எல்லாரும் அதைப் பார்த்துப் பதறுவார்கள், அது பாட்டுக்கு நீந்தும்.

வால் ஓரம் வெள்ளையாகி நைஞ்சு நைஞ்சு போகுது.

துடுப்பழுகல். பாக்டீரியா வேலைதான், ஆனால் பெரும்பாலும் கெட்ட தண்ணீர் முதலில் காயப்படுத்திய பிறகுதான் அது நுழைகிறது. ஒரு வாரம் தினமும் கால் பங்குத் தண்ணீர் மாற்றுங்கள், உப்பு லிட்டருக்கு ஒன்று இரண்டு கிராம். துடுப்பின் அடிக்கட்டை போகாமல் இருந்தால் திரும்ப வளரும், புதிதாக வருவது கண்ணாடி மாதிரி தெரியும். நடுவில் ஓரங்களில் கறுப்பு படர்ந்தால் பயப்படாதீர்கள், அம்மோனியாவில் வெந்த இடம் ஆறும்போது அப்படிக் கறுக்கும். அழுகல் உடம்பைத் தொட்டுவிட்டால்தான் கவலை.

வாயைச் சுத்தி பஞ்சு மாதிரி இருக்கு. நீல மருந்து போடலாமா?

இது கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் பஞ்சு போலத் தெரிவது இரண்டு உண்டு. காயத்தின் மேல் நூல் நூலாக, நிஜப் பஞ்சுப் பிசிறு போல நின்றால் பூஞ்சை. அதற்கு மெத்திலீன் புளூ கேட்கும், தனி டப்பில் போடுங்கள். பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியா செத்து, மறுபடி அம்மோனியாவில் வந்து நிற்போம். புட்டிக்குப் புட்டி செறிவு வேறு என்பதால் அளவைப் புட்டியில் பாருங்கள். கை, துணி, தொட்டியின் சிலிக்கான் எல்லாம் நீலமாகும். எங்கள் பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில் இன்னும் இருக்கிறது.

வாயிலும் முதுகிலும் சாம்பல் வெள்ளையாகப் படலம் போலத் தட்டையாக ஒட்டியிருந்து, நேற்றைவிட இன்று வேகமாகப் பரவியிருந்தால் அது பூஞ்சையாக இருக்காது, காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. சூட்டில் இது பாய்ச்சலாக ஏறும், ஓரிரு நாளில் மீனைக் கொன்றுவிடும். ஆக, வெள்ளைப்புள்ளிக்கு உதவிய சூடு இங்கே எதிரி. மீனைக் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள், தண்ணீர் பாட்டிலில் ஐஸ் வைத்து மூடி மிதக்கவிட்டு மெதுவாக இரண்டு மூன்று டிகிரி குறைக்கலாம். இந்த ஒன்றுக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

உடம்புல நூல் மாதிரி ஒண்ணு தொங்குது. முதல்ல கழிவுன்னு நினைச்சேன்.

ஆங்கர் வார்ம், நங்கூரப் புழு என்பார்கள். பெயரில்தான் புழு, உண்மையில் இறாலுக்குத் தூரத்து உறவான ஒட்டுண்ணி. தலை நங்கூரம் போலச் சதைக்குள் மாட்டியிருக்கும். வெளியே நுனியில் இரண்டாகப் பிரிந்து தெரிவது அதன் முட்டைப் பைகள்.

இதை வீட்டிலேயே எடுக்கலாம். நனைத்த மெல்லிய துண்டில் மீனை வைத்து, கண்ணை ஒரு மடிப்பால் மூடுங்கள், துள்ளல் அடங்கும். இடுக்கியால் நூலின் நடுவில் பிடிக்காதீர்கள், அறுந்துவிடும். தோலை ஒட்டின இடத்தில் பிடித்து, வால் பக்கமாகச் சாய்த்து, வெடுக்கென்று இல்லாமல் ஒரே சீராக இழுங்கள். சின்னதாக ‘டுப்’ என்று விடுபடுவது விரலுக்குத் தெரியும். பஞ்சுக் குச்சியில் பீட்டாடின் தொட்டு அந்தப் புள்ளியில் மட்டும் வைத்து, செவுளில் வழியாமல் பார்த்து, தண்ணீரில் விடுங்கள். எல்லாம் அரை நிமிடத்துக்குள். முதல் தடவை என் கைதான் மீனைவிட அதிகம் நடுங்கியது.

பிடுங்கியதோடு முடியவில்லை. குஞ்சுகள் தண்ணீரில் இருக்கும், அவற்றுக்கு நாம் போடும் அளவு உப்பு போதாது. டைஃப்ளூபென்சுரான் உள்ள மருந்து கடையில் கேட்டு வாங்கி, அதன் சீட்டில் சொன்னபடி மூன்று வாரம் தொடருங்கள். தொட்டியில் இறால் இருந்தால் அதையும் கொன்றுவிடும், முன்பே எடுத்துவிடுங்கள்.

புள்ளி, நூல் எதுவும் இல்ல. ஆனா கல்லுல போய் சரக் சரக்னு உரசிக்குது.

குளோரினும் அம்மோனியாவும்கூட அரிப்பைத் தரும், முதலில் தண்ணீர். அது சரியாக இருந்தும் உரசினால் தட்டைப்புழுவாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, நுண்ணோக்கியில்தான் தெரியும். பிராசிகுவான்டெல் அதற்கான மருந்து. புது மீன் சேர்த்த பிறகு இது வந்தால் சந்தேகம் பலப்படுகிறது. அதனால்தான் புது மீனை மூன்று நாலு வாரம் தனி டப்பில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்க்கச் சொல்கிறேன். கடைப் பையின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

மஞ்சத்தூள் போட்டா எல்லாம் போயிடும்னு எங்க மாமியார் சொல்றாங்க. வேப்பிலை?

மாமியாரோடு சண்டை வேண்டாம், ஆனால் மஞ்சள் தூள் தண்ணீரில் கரையாது. மிதக்கும், அப்புறம் செவுளில் படியும், ஃபில்டரை அடைக்கும். வேப்பிலை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும், எவ்வளவு போடலாம் என்பதற்கு ஒழுங்கான அளவும் இல்லை. நாட்டு வாதுமை இலையைச் சண்டை மீன் வளர்ப்பவர்கள் போடுவார்கள், அது தண்ணீரைப் புளிப்பாக்கும். கோல்டு ஃபிஷ்ஷுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

வீட்ல டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் மிச்சமிருக்கு. பிரிச்சுப் போட்டுடவான்னு எங்க வீட்டு சார் கேக்கறார்.

சாரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் தண்ணீர் கடினமானது, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து டெட்ராசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும், மீனுக்குப் போய்ச் சேருவது சொற்பம். ஃபில்டர் பாக்டீரியாவும் அடிபடும். அரைகுறை அளவில் ஆன்டிபயாடிக் போட்டால் அதற்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால் தீனியில் கலந்து கொடுப்பது பெரும்பாலும் மேல், அதை மருத்துவர் சொல்லட்டும்.

செதில் எல்லாம் தூக்கிட்டு அன்னாசிப்பழம் மாதிரி ஆயிடுச்சு. என்ன பண்றது?

மேலிருந்து பார்த்தால் செதில்கள் சிலிர்த்து நின்றால், உடம்புக்குள் நீர் கோத்துவிட்டது. சிறுநீரகம் தண்ணீரை வெளியே தள்ள முடியாத நிலை. இது தனி நோய் இல்லை, உள்ளே வேறு ஏதோ முற்றியதன் அடையாளம். உண்மையைச் சொன்னால், இந்த நிலைக்கு வந்தவற்றில் பிழைப்பவை குறைவு.

முயற்சி செய்வதென்றால் தனி டப், சுத்தமான தண்ணீர், எப்சம் சால்ட். மருந்துக் கடையில் கிடைக்கும். இது மெக்னீசியம் சல்பேட், முன்னே சொன்ன கல் உப்பு வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 20 லிட்டருக்கு அரைக்கால் டீஸ்பூன், அதாவது கால் டீஸ்பூனில் பாதி. கோத்த நீரைக் கொஞ்சம் வெளியே இழுக்கும். நான்கு ஐந்து நாளில் செதில் படிய ஆரம்பித்தால் நம்பிக்கை உண்டு.

ஒரு மீனுக்குத்தான் சரியில்ல. தனியா எடுக்கணுமா, எல்லாத்துக்கும் சேர்த்து வைத்தியமா?

வெள்ளைப்புள்ளி, நங்கூரப் புழு, தட்டைப்புழு என்றால் கிருமி ஏற்கெனவே தொட்டி முழுக்க இருக்கிறது, எல்லாருக்கும் சேர்த்துத்தான். பூஞ்சை, காயம், மிதப்பு, நீர்க்கோப்பு என்றால் தனியாக.

தனி டப்புக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். சோப்பே படாத 20, 30 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு ஏர் ஸ்டோன், துள்ளி வெளியே விழாமல் மேலே ஒரு வலை. முதல் தண்ணீரை மீனின் சொந்தத் தொட்டியிலிருந்தே எடுங்கள். இங்கே ஃபில்டர் இல்லை என்பதால் தினமும் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும், மாற்றிய அளவுக்கு மருந்தையும் உப்பையும் திரும்பச் சேர்க்க வேண்டும்.

மீனுக்கெல்லாம் டாக்டர் இருக்காங்களா?

தெருமுனை நாய், பூனை கிளினிக்கில் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பார்க்கலாம். பொன்னேரி, தூத்துக்குடி பக்கம் இருப்பவர்கள் அங்கே இருக்கும் மீன்வளக் கல்லூரியை அணுகலாம். போகும்போது மீனின் வீடியோ, ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீர், இதுவரை போட்ட எல்லா மருந்தின் பெயர், மூன்றும் கையில் இருக்கட்டும். மூன்றாவதை எல்லாரும் மறைப்பார்கள், திட்டு விழும் என்று.

நமக்கு ஒட்டுமா? பாப்பா அடிக்கடி தொட்டிக்குள்ள கை விடுறா.

மேலே சொன்னவற்றில் புள்ளி, புழு எதுவும் மனிதருக்கு ஒட்டாது. ஆனால் மீன் தொட்டியில் இருக்கக்கூடிய ஒரு மைக்கோபாக்டீரியம் கையிலுள்ள வெட்டுக்காயம் வழியாக நுழைந்து, சில வாரம் கழித்து ஆறாத சின்னக் கட்டியாக வரும். அரிதுதான். கையில் காயம் இருந்தால் கையுறை, வேலை முடிந்ததும் சோப்பு, அப்படி ஆறாத கட்டி வந்தால் டாக்டரிடம் ‘வீட்டில் மீன் வளர்க்கிறோம்’ என்று மறக்காமல் சொல்வது, இவை போதும். டியூப்பை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இனி பிழைக்காதுன்னு தெரியுது, பார்க்கவே முடியல. ஏரில கொண்டு போய் விட்டுடலாமா?

கூடாது. நோயும் அங்கே போகும், பிழைத்துவிட்டால் அங்கிருக்கும் நாட்டு மீன்களோடு போட்டிக்கும் நிற்கும். டாய்லெட்டில் கொட்டுவதும் ஃப்ரீசரில் வைப்பதும் சித்திரவதை.

நாட்டு மருந்துக் கடையில் கிராம்பு எண்ணெய் வாங்குங்கள். ஒரு பாத்திரத்தில் மீனின் தண்ணீரையே எடுத்து அதில் மீனை விடுங்கள். எண்ணெயை மூடி போட்ட சின்னப் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு பால் மாதிரி ஆகும்வரை குலுக்கி, லிட்டருக்கு இரண்டு மூன்று சொட்டுக் கணக்கில் முதலில் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் மயங்கிச் சாயும். பிறகு மொத்தம் லிட்டருக்குப் பத்துச் சொட்டாவது ஆகும்வரை சேருங்கள். செவுள் நின்ற பிறகும் அரை மணி நேரம் எடுக்காதீர்கள். பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், அவர்கள் எப்படியும் வெற்றுத் தொட்டியைப் பார்ப்பார்கள். ஒரு பூந்தொட்டியில் புதைக்க அவர்களையே கூப்பிடுங்கள்.

அதே தொட்டில அடுத்த ஞாயித்துக்கிழமை புது மீன் விடலாமா ஆன்ட்டி?

எதனால் போனது என்பதைப் பொறுத்தது. வெள்ளைப்புள்ளி என்றால், மீன் கிடைக்காத ஒட்டுண்ணி நம் ஊர்ச் சூட்டில் சில நாளிலேயே செத்துவிடும். ஆனாலும் இரண்டு வாரம் காலியாக ஓடவிடுங்கள். அதுவரை ஃபில்டர் பாக்டீரியாவுக்குப் பசிக்கும், இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுகவிடுங்கள். நங்கூரப் புழு என்றால் ஒரு மாதம். நீர்க்கோப்போ காலம்னாரிஸோ என்றால் எல்லாவற்றையும் காலி செய்து, வலை, டியூப், கல், ஏர் ஸ்டோன் அத்தனையையும் மொட்டை மாடி வெயிலில் மூன்று நாள் காயப்போட்டு, ஃபில்டர் பஞ்சையும் புதிதாக வாங்கி, மறுபடி ஆறு வாரக் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள். வலையை மறந்துவிடாதீர்கள், எல்லாவற்றையும் காயவைத்துவிட்டு ஈர வலையை அப்படியே ஆணியில் மாட்டிவிடுவார்கள்.